22 லட்சம் செலவழித்துக் கனவுக் கல்லூரியில் சேர்க்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ராஜபாளையத்தில் இருக்கிறோம். கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர், நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்து ஆண்டுக்கு நாலு லட்சத்தை ஒட்டி வரும். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கட்-ஆஃப் 184.5, பி.சி. பிரிவு. சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு எழுதி சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) இடம் வாங்கியிருக்கிறாள். ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து அந்தக் கல்லூரிதான் அவளுக்குக் கனவு. ஆண்டுக்கு ஃபீஸ் 4 லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் ஒன்றரை லட்சம். 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டோம். அவள் கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்ட இடத்தை விற்றால் 10 லட்சம் கிடைக்கும். மீதிக்கு வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். கவுன்சலிங்கில் போனால் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) கிடைக்கலாம் என்று அவளுடைய ஆசிரியர் சொல்கிறார். கணவர், "பிள்ளைக்குத்தானே, வித்துடலாம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் அவள் கனவைக் கெடுத்தவளாக ஆகிவிடுவேனோ? மகன் எட்டாவது படிக்கிறான். நாங்கள் இருவரும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இல்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் கணக்கில் அந்தக் கல்லூரி வேண்டாம். கவுன்சலிங்கில் கலந்துகொள்ளுங்கள், இடத்தை விற்காதீர்கள். மகளைத் தட்டிக்கழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வைத்த இடத்தைப் படிப்புக்கு விற்கலாம் என்று சொல்லும் அப்பா கிடைப்பது பெரிய விஷயம். அந்த மனசுக்கு ஏற்ற பலன் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பணம். நாலு வருடத்துக்கு 22 லட்சம். லேப்டாப், ஊருக்கு வந்துபோகும் செலவு, பரீட்சை கட்டணம் எல்லாம் இதற்கு மேலே. இடம் விற்ற 10 லட்சம் போக 12 லட்சம் கடன். ஆண்டுக்கு மூன்று லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பலர் இதைக் கேட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். தவணைதான் நிற்கிறது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகவே போட்டாலும் அந்த ஐந்து ஆண்டில் 4.2 லட்சம் ஏறியிருக்கும். ஆக, திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும் நாளில் கடன் 16.2 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 21,400 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 25 லட்சத்துக்கு மேல் போகும். இடம் போனது தனிக் கணக்கு.

இந்த 21,400-ஐ மகளின் முதல் சம்பளத்தோடு சேர்த்துப் பாருங்கள். பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் கல்லூரிகளிலிருந்து கூட்டமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கும் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருடங்களாக நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 சொச்சம். சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் அதிலிருந்துதான். இதைவிட நல்ல வேலை அவளுக்குக் கிடைக்கலாம், கிடைக்கட்டும். ஆனால் கிடைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் கடன் வாங்குகிறோம் என்பதைப் பாருங்கள். 22 வயதில் பிடிக்காத வேலையை விடவோ, மேலே படிக்கவோ, ஆறு மாதம் வேறு ஒன்றை முயற்சி செய்து பார்க்கவோ அவளால் முடியாமல் போகும். ஈடாக நிற்பதோ நீங்கள் குடியிருக்கும் வீடு. தம்பியின் கல்லூரிப் படிப்பும் அந்தக் காலத்தில்தான் வரும்.

சரி, அவ்வளவு கொடுத்தால் அந்தக் கல்லூரி என்ன தரும்? நல்ல தனியார் பல்கலைக்கழகங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அங்கே நல்ல ஆய்வகங்கள் உண்டு, வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகளோடு பழகலாம், கூச்சம் போகும், கம்பெனிகள் வாசலுக்கே வரும். ஒன்பதாவது படிக்கும் பெண் அதைப் பார்த்து ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் அவள் பார்த்தது விளம்பரப் பலகையில் சிரிக்கும் பத்துப் பேரை. நீங்கள் விசாரிக்க வேண்டியது வகுப்பின் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை.

'அதிகபட்ச பேக்கேஜ் இத்தனை லட்சம்' என்பது ஒரே ஒரு மாணவரின் சம்பளம். அதைப் பார்க்கவே வேண்டாம். '95 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்றால் எத்தனை பேரில் என்று கேளுங்கள். பல இடங்களில் அரியர் வைத்தவர்களையும், கம்பெனி கேட்கும் மதிப்பெண் இல்லாதவர்களையும் கழித்துவிட்டு, 'தகுதி உள்ளவர்களில்' என்று கணக்குப் போடுவார்கள். 'இத்தனை ஆயிரம் ஆஃபர்கள்' என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது ஆட்களின் எண்ணிக்கையாக இருக்காது. ஒரே பெண் மூன்று கம்பெனியில் தேர்வானால் அங்கே மூன்று ஆஃபர்.

உண்மையான கணக்கைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் விவரங்களைக் கொடுக்கிறது. அந்தப் பிடிஎஃப் என்ஐஆர்எஃப் தளத்திலேயே இருக்கும், கல்லூரித் தளத்திலும் போட்டிருப்பார்கள். மகளை உட்காரவைத்து இருவருமாகத் திறந்து பாருங்கள். நான்காண்டுப் பட்டப்படிப்புக்கான அட்டவணையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம், எண்ணாலும் எழுத்தாலும். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. விளம்பரத்தில் பார்த்த தொகைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை மகளே பார்க்கட்டும். நீங்களோ நானோ ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த எண் எல்லாத் துறைகளையும் சேர்த்தது, சிஎஸ்இ-க்கு மட்டும் உள்ளது அல்ல.

இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த ஆண்டு சிஎஸ்இ-யில் எத்தனை செக்‌ஷன்? நன்றாக நடக்கும் கல்லூரிகள் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2024-25-இல் எடுத்துவிட்டது. அதற்கு முன்பே சில தனியார் பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட பிரிவுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருத்தியாக இருக்கும்போது ஆசிரியருக்கு உங்கள் மகளின் பெயர் தெரிந்திருக்குமா என்பது சின்ன விஷயமில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை தடுமாறினால் வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது.

பெரிய கல்லூரியில் படித்தால்தான் பெரிய வேலையா என்ற கேள்வியை அமெரிக்காவில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. புகழ்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு சாதாரணக் கல்லூரியில் படித்தவர்களை, அந்தப் புகழ்பெற்ற கல்லூரியிலேயே படித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பின்னாளில் இரு சாராரின் சம்பாத்தியமும் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருந்தது. இடம் வாங்கும் அளவுக்கு இருந்த திறமையும் உழைப்பும் அவர்களோடேயே போயிருக்கிறது. ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல கல்லூரி பலன் தந்தது என்றும் அதே ஆய்வு சொன்னது. அமெரிக்கக் கணக்கை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாதுதான். ஆனாலும் அந்தக் கடைசி வரியை நான் முக்கியமாக நினைக்கிறேன். உங்கள் மகளைப் போன்றவர்களுக்குக் கல்லூரி முக்கியம், ரொம்பவே முக்கியம். ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டை ஈடு வைக்காமல் கிடைப்பதில் ஆக நல்லதைப் பிடிக்க வேண்டும். ஐஐடி, என்ஐடி இடம் கிடைத்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். அங்கே ஆண்டு வருமானம் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி உண்டு.

இப்போது திருநெல்வேலிக்கு வருவோம். 1981 முதல் நடக்கும் அரசுக் கல்லூரி. கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். அதிலும் உங்கள் மகள் முதல் பட்டதாரி என்பதால் சலுகை உண்டு. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அந்தச் சலுகை, நேரடியாக நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கிடையாது. விடுதியும் மெஸ்ஸும் சேர்த்து நாலு வருடத்துக்கும் ஆகும் செலவு, அங்கே ஓராண்டுக்குக் கேட்கும் ஐந்தரை லட்சத்துக்குள் அடங்கிவிடும். சங்கரன்கோவில் வழியாக பஸ் பிடித்தால் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அரசுப் பொறியியல் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதும், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பு ஓட்டுவதும் உண்டு. சில கருவிகள் பழையவை. சென்னைக் கல்லூரிகளுக்கு வரும் அத்தனை கம்பெனிகளும் பாளையங்கோட்டை வரை வந்துவிடாது. வேலைக்குத் தயார் செய்துகொள்வதில் பாதியை மகள் தானாகவே செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

அதனால் சேர்வதற்கு முன் ஒரு வேலை நாளில் இரண்டு பேரும் நேரில் போய்ப் பாருங்கள். ஓப்பன் டே, திறப்பு விழா நாட்களில் போக வேண்டாம். இசிஇ துறையில் லேப் நடக்கும் நேரம் கேட்டு, அனுமதி வாங்கி, வாசலில் நின்று பாருங்கள். ஒரு சிஆர்ஓ-வை (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்? இரண்டு மூன்று பேர் என்றால் நல்லது. எட்டுப் பேர் நின்று ஒருத்தர் மட்டும் குமிழைத் திருகிக்கொண்டிருந்தால், மற்ற ஏழு பேரும் ரெக்கார்டு நோட்டை மட்டும் எழுதி வெளியே வருகிறார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் மகளையே பேசவிடுங்கள். போன வருடம் சீனியர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள், எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் கஷ்டப்பட்டார்கள், பெண்கள் விடுதி எத்தனை மணிக்கு மூடும், மெஸ் பில் மாதம் எவ்வளவு வருகிறது. அரசு விடுதிகளில் பெரும்பாலும் ஆகும் செலவைத் தலைக்கு வகுத்து வாங்குவார்கள், மாதத்துக்கு மாதம் மாறும். பிள்ளைகள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். முடிந்தால் அதே மாதிரி ஒரு நாள் அந்தக் கனவுக் கல்லூரிக்கும் போய்வாருங்கள். அவள் ஆசைக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

சிஎஸ்இ கிடைக்கவில்லையே என்று அவள் வருத்தப்படுவாள். ஐடி கம்பெனிகள் இசிஇ பிள்ளைகளையும் அதே தேர்வு வைத்துத்தான் எடுக்கின்றன. கோடிங் வர வேண்டும், அவ்வளவுதான். அதோடு சிப் வடிவமைப்பு, எம்பெடட் (கருவிகளுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) மாதிரியான வேலைகளுக்கு இசிஇ-தான் நேர்வழி. இன்னும் ஒரு வழி: சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பை ஆன்லைனில் படிக்கலாம், தேர்வை மட்டும் நேரில் எழுத வேண்டும். இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்க, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 முதல் அனுமதிக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். கல்லூரிக்குப் பழகிய பிறகு, அவளுக்கே ஆர்வம் இருந்தால் மட்டும்.

கனவுக் கல்லூரி என்பது 18 வயதோடு முடிந்துவிடுகிற வாய்ப்பும் இல்லை. பொறியியல் மேல்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேருபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இன்று 22 லட்சம் கொடுத்து நுழைய நினைக்கும் கல்லூரியைவிடப் பெரிய இடத்துக்கு அப்போது உதவித்தொகையோடு போக முடியும். அதற்குக் கடன் இல்லாத வீடு பின்னால் இருக்க வேண்டும்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. "நம்மால முடியாதும்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவள் மனதில் தங்குவது நம் வீட்டில் வசதியில்லை என்ற குறை மட்டும்தான். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் அவள் கையாலேயே எழுதவையுங்கள். கணக்கு நன்றாக வரும் பெண், தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டாள். அந்தக் கல்லூரியில் அவளுக்கு எது பிடித்தது என்று கேளுங்கள். கோடிங் கிளப்பா, சென்னையா, கூடப் படித்த தோழிகள் அங்கே சேர்வதா? ஒவ்வொன்றுக்கும் வேறு வழி தேட முடியும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி அவளுடையது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நல்ல லேப்டாப்புக்கும், இரண்டாம் ஆண்டு முடிந்ததும் சென்னையிலோ பெங்களூரிலோ இன்டர்ன்ஷிப்புக்குத் தங்குவதற்கும் ஒன்றரை லட்சம் ஒதுக்குங்கள். அழுவாள். அழட்டும். நாலு வருட ஆசை, ஒரு நாளில் போகாது. நீங்களும் கணவரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது முக்கியம். அப்பா சரி சொன்னார், அம்மா தடுத்தாள் என்று ஆகக் கூடாது. ஆகவே மகளிடம் பேசுவதற்கு முன் அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

கணவர், "அடமானம் இல்லாமலே கடன் கிடைக்குமாமே" என்று கேட்கக்கூடும். உண்மைதான். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு ஈடோ ஜாமீனோ இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. வீடு தப்பிக்கும், தவணை தப்பாது. மகளின் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகும் என்ற நிலை அப்படியேதான் இருக்கும்.

கட்டிய 50,000 போய்விடுமே என்று நினைத்து மேற்கொண்டு கட்டிவிடாதீர்கள். சேர்க்கையை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி விதி வைத்திருக்கிறது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. எவ்வளவு சீக்கிரம் ரத்து செய்கிறீர்களோ அவ்வளவு அதிகமாகத் திரும்ப வரும். முழுத் தொகையும் பெறக் கடைசித் தேதி எது என்று யுஜிசி தளத்தில் இந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பாருங்கள். ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் சொல்லி விட்டுவிட வேண்டாம். இழுத்தடித்தால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை கிடையாது.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை நீளமாகப் போடுங்கள், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசை போட வேண்டாம், உண்மையிலேயே எது வேண்டுமோ அது முதலில். கைக்கு எட்டாது என்று தோன்றும் கல்லூரிகளையும் மேலே எழுதுங்கள், அதனால் கீழே உள்ளது பறிபோகாது. ஒதுக்கீடு வந்த பிறகு, கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன் என்று ஒரு தேர்வு இருக்கும். நெல்லை இசிஇ கிடைத்து அவளுக்கு இன்னும் ஆசை இருந்தால் அதை அழுத்தலாம். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் குறியீட்டு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். பட்டியலில் தனியார் கல்லூரி ஏதாவது சேர்ப்பதாக இருந்தால், அந்தக் குறிப்பிட்ட துறைக்கு என்பிஏ (துறைவாரியாகத் தரம் பார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும், கூட்டம் சேருகிற நேரம் இது. குடும்ப அட்டை, மகளின் மாற்றுச் சான்றிதழ், உங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்கள், ஆதார் எல்லாவற்றையும் அசலோடு எடுத்துப் போங்கள்.